நெஞ்சுக்குள் ஓடும் புரோகிராம்: நிற்க அனுமதி இல்லை!

லண்டன் மாநகரின் சுரங்க ரயில் பாதையில் கோவென்ட் கார்டன் என்று ஒரு நிலையம் இருக்கிறது. பிளாட்பாரத்திலிருந்து தெருவுக்கு வர லிப்ட் உண்டு. லிப்டுக்குக் காத்து நிற்கப் பொறுமை இல்லாதவர்களுக்குச் சுழல் படிக்கட்டும் உண்டு. மொத்தம் 193 படிகள். தாதர் பாலத்தில் தினமும் இரண்டு வேளை ஏறி இறங்கும் மும்பைவாசிக்குக்கூட மூச்சு வாங்கிவிடும்.

அந்தப் படிகளில் ஒருநாள் மேரி மோ என்ற நார்வே நாட்டுப் பெண்மணி ஏறினார். முப்பதுகளில் இருந்தவர், கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர். 2011-ல் வீட்டில் மயங்கி விழுந்த அவருக்கு இருதயத்தின் மின்சார ஓட்டம் தடைப்படுகிறது என்று டாக்டர்கள் கண்டுபிடித்து, பேஸ்மேக்கர் வைத்தார்கள். அது நடந்து சில வாரங்களில் ஒரு பயிற்சிக்காக அவர் லண்டன் வந்திருந்தார்.

படி ஏற ஏற, திடீரென்று உடம்பின் தெம்பெல்லாம் வடிந்ததுபோல் ஆயிற்று. கால் எடுத்து வைக்க முடியவில்லை. ஊர் திரும்பியபின் பல சோதனைகள் நடந்தன. காரணம் விசித்திரமானது. படி ஏறும்போது யாருக்கும் நாடித் துடிப்பு கூடத்தான் செய்யும். அவருக்கு அது நிமிஷத்துக்கு 160 என்ற அளவைத் தொட்டது. கருவிக்குள் பதிந்திருந்த உச்சவரம்பும் அதே 160. வரம்பைத் தொட்டதும் கருவி தன் விதிப்படி இரண்டு துடிப்புக்கு ஒன்று என்று இறக்கிவிட்டது. 160 துடித்துக்கொண்டிருந்த இருதயம் ஒரே நொடியில் 80 ஆயிற்று. படியின் நடுவில் நிற்கும் மனுஷிக்கு அது எப்படிப் போதும்?

இளம் வயதுக்காரருக்கு வரம்பை இன்னும் உயர்த்தி வைத்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. கருவியை வெளியிலிருந்து சரிப்படுத்தும் கம்ப்யூட்டரின் திரையில் தெரிந்த அளவு வேறு; நெஞ்சுக்குள் இருந்த கருவியில் பதிந்திருந்த அளவு வேறு. டாக்டர் மீது தப்பில்லை. பாட்டரி தீரவில்லை. கம்பி அறுபடவில்லை. எங்கோ ஓர் ஆபீஸில் உட்கார்ந்து யாரோ ஓர் இன்ஜினீயர் எழுதிய புரோகிராமில் ஒரு பிழை.

அந்த இன்ஜினீயர்கள் யார்? என்ன வேலை செய்கிறார்கள்? டாக்டரின் பெயர் ஆஸ்பத்திரி வாசலில் பலகையில் இருக்கிறது. கம்பெனியின் பெயர் கருவியின் மேல் பொறித்திருக்கிறது. புரோகிராம் எழுதியவர் பெயர் எங்கும் இருப்பதில்லை. நம் பிள்ளைகள் பலர் கம்ப்யூட்டர் படித்துவிட்டு பாங்கு வேலையோ, கடைக்கணக்கு வேலையோ செய்யும் கம்பெனிகளில் சேருகிறார்கள். அதே படிப்பை வைத்துக்கொண்டு மனிதனின் நெஞ்சுக்குள் உட்காரும் தொழில் ஒன்று இருப்பது வெளியே அதிகம் தெரியாது.

பாலிஷ் டப்பாவில் பிறந்த கருவி

ஆரம்பத்தில் இதில் புரோகிராம் என்ற பேச்சே இல்லை. 1958 அக்டோபர் 8 அன்று சுவீடன் நாட்டில் கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரியில் ஆர்னே லார்சன் என்ற 43 வயது நோயாளிக்கு உலகின் முதல் முழு உள்பொருத்து பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. அவருடைய இருதயம் ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பக்குவப்படவில்லை என்று தயங்கிய டாக்டர் ஓகே சென்னிங்கையும் இன்ஜினீயர் ரூனே எல்ம்க்விஸ்டையும் விடாமல் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தவர் லார்சனின் மனைவி. எல்ம்க்விஸ்ட், டிரான்சிஸ்டர்களையும் பாட்டரியையும் ஷூ பாலிஷ் டப்பாவுக்குள் வைத்துப் பிசின் ஊற்றி வார்த்தார். முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றது. உடனே இரண்டாவதை வைத்தார்கள்.

லார்சன் அதன்பின் 43 ஆண்டுகள் வாழ்ந்தார். வாழ்நாளில் 26 கருவிகள் மாறின. கருவி செய்த எல்ம்க்விஸ்ட் 1996-ல் காலமானார். ஆபரேஷன் செய்த சென்னிங் 2000-ல் காலமானார். லார்சன் 2001-ல் 86-வது வயதில் புற்றுநோயால் இறந்தார். வைத்தியரையும் மிஞ்சி வாழ்ந்த நோயாளி!

அமெரிக்காவில் வில்சன் கிரேட்பாட்ச் கதை இன்னும் வேடிக்கை. இருதய ஒலியைப் பதிவு செய்யும் ஒரு சாதனத்துக்காக மின்சுற்று கட்டிக்கொண்டிருந்தவர், பெட்டியிலிருந்து தவறான ரெசிஸ்டரை எடுத்துப் பொருத்திவிட்டார். பத்தாயிரம் ஓம் வேண்டிய இடத்தில் பத்து லட்சம் ஓம். சுற்று ஒரு சின்னத் துடிப்புத் துடித்தது, ஒரு விநாடி சும்மா இருந்தது, மறுபடி துடித்தது. அதைப் பார்த்ததும் இது இருதயத்தின் தாளம் என்று அவருக்குப் பொறி தட்டிவிட்டது. வேலையை விட்டார். கையிலிருந்த சேமிப்பு 2,000 டாலர். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தம் கையாலேயே ஐம்பது கருவிகள் செய்தார். 1960-ல் அவற்றில் சில மனிதர்களுக்கு வைக்கப்பட்டன.

அந்தக் கருவிகளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தட்டுவது. இருதயம் தானாகத் துடித்தாலும் தட்டும், துடிக்காவிட்டாலும் தட்டும். ஓடும்போதும் அதே வேகம், தூங்கும்போதும் அதே வேகம். பிறகு இருதயத்தைக் கேட்டு, தேவைப்பட்டால் மட்டும் தட்டும் கருவி வந்தது. 1970-களில் உடம்பைக் கிழிக்காமல் வெளியிலிருந்தே வேகத்தை மாற்ற வழி வந்தது. 1980-களில் சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் சில்லே கருவிக்குள் ஏறிவிட்டது. அன்றிலிருந்துதான் இந்த இன்ஜினீயருக்கு வேலை. சாதனத்துக்குள்ளேயே பதிந்து கிடக்கும் இந்தவகைப் புரோகிராமுக்கு ‘பர்ம்வேர்’ என்று பெயர்.

கேட்பதுதான் கஷ்டம்

தட்டுவது சுலபம். கேட்பதுதான் கஷ்டம் என்பது இத்தொழிலின் பாலபாடம்.

நிமிஷத்துக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். கருவி ஒரு விநாடி காத்திருக்கும். அதற்குள் இருதயம் தானாகத் துடித்துவிட்டால் கருவி பேசாமல் இருந்து, கணக்கைப் புதிதாகத் தொடங்கும். துடிக்காவிட்டால் ஒரு சின்ன மின்துடிப்பை அனுப்பும். எழுதிப் பார்த்தால் நாலு வரிதான். ஆனால் இருதயத்திலிருந்து வரும் சமிக்ஞை ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கு. அதனோடு மார்புத் தசையின் சலசலப்பு கலக்கும். பக்கத்தில் ஓடும் மோட்டார், வெல்டிங் மெஷின் இவற்றின் இரைச்சல் கலக்கும். ஒரு துடிப்பு முடிந்து இருதயம் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும்போது இன்னொரு அலை வரும். அதை இன்னொரு துடிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கால் விநாடி அளவுக்குக் கருவி காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதிக நேரம் பொத்தினால் நிஜமான துடிப்பு தவறிப்போகும்.

இரைச்சலைத் துடிப்பு என்று நம்பிவிட்டால் என்ன ஆகும்? இருதயம் நன்றாகத்தான் ஓடுகிறது என்று கருவி சும்மா இருந்துவிடும். உள்ளே இருதயமோ நின்றுபோயிருக்கும். மனிதர் தெருவில் சாய்வார். நிஜத் துடிப்பைக் கேட்காமல் விட்டுவிட்டால், இருதயம் தயாராக இல்லாத நேரத்தில் தட்டும். அதுவும் ஆபத்து. இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே போட்ட ஒற்றையடிப் பாதைதான் இன்ஜினீயர் எழுதும் புரோகிராம்.

இருதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது உள்ளிருந்தே மின் அதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவி வேறு இருக்கிறது. டாக்டர் மிஷல் மிரோவ்ஸ்கியின் முயற்சியால் 1980 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் முதன்முதலாக அது மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அது கொடுக்கும் அதிர்ச்சி குதிரை நெஞ்சில் உதைத்தது போலிருக்கும் என்று அனுபவித்தவர்கள் சொல்வார்கள். உயிர் போகும் நேரத்தில் அந்த உதை வரப்பிரசாதம். அது தவறான நேரத்தில் விழுந்தால்? அமெரிக்க வழக்கறிஞர் கேரன் சாண்ட்லருக்கு அப்படித்தான் நேர்ந்தது. கருவுற்றிருந்தபோது பல பெண்களுக்கு வரும் சாதாரணப் படபடப்பை அவருடைய கருவி ஆபத்து என்று எண்ணிவிட்டது, அதிர்ச்சி கொடுத்தது. ‘என் உடம்புக்குள் ஓடும் புரோகிராமை நான் படித்துப் பார்க்க வேண்டும்’ என்பது அவர் ஆண்டுக்கணக்கில் எழுப்பிவரும் கோரிக்கை. கம்பெனிகளோ அதைத் தொழில் ரகசியம் என்கின்றன. ஒரு மருந்தில் என்ன இருக்கிறது என்று சீட்டில் அச்சடிக்கிறோம். இதற்கு மட்டும் ஏன் திரை என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

பாட்டரிக் கணக்கு

இனி பாட்டரி. நிமிஷத்துக்கு 70 என்றால் ஒரு நாளைக்கு 1,00,800 துடிப்பு. பத்து ஆண்டுகளுக்குச் சுமார் 37 கோடி. இத்தனையும் ஒரே பாட்டரியில். தீர்ந்தால் மாற்ற வேண்டும். மாற்ற மறுபடி கத்தி வைக்க வேண்டும்.

பாட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய ஓர் ஆம்பியர்-மணி என்று எடுத்துக்கொண்டால், பத்து ஆண்டுகள் என்பது 87,600 மணி நேரம். வகுத்துப் பாருங்கள்: ஒரு ஆம்பியரின் பத்து லட்சத்தில் பதினோரு பங்குதான் செலவழிக்கலாம். வீட்டு ரேடியோவின் முன்பக்கத்தில் மினுக்கும் சிறு சிவப்பு விளக்கு இருக்கிறதே, அந்த மாதிரி ஒன்றை இந்தப் பாட்டரியில் போட்டால் நாலைந்து நாளில் காலி. ஆகவே கருவிக்குள் இருக்கும் சில்லு ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் பெரும்பாலும் தூங்குகிறது. கூப்பிட்டதும் எழுந்து, வேலையை முடித்து, மறுபடி படுத்துவிட வேண்டும். தேவையில்லாமல் ஒரு வரி எழுதினால், அந்த வரி 37 கோடி தடவை ஓடும். அதற்கு ஆகும் மின்சாரம் நோயாளியின் ஆபரேஷன் தேதியை முன்னால் இழுக்கும். சிக்கனம் என்றால் செட்டிநாட்டுச் சிக்கனம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்!

இவ்வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எலெக்ட்ரானிக்ஸ் அல்லது கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படித்தவர்கள். ‘சி’ என்ற மொழியில் எழுதுவார்கள். மற்றக் கம்பெனிகளில் சேர்ந்த நண்பன் வாரம் ஒரு புரோகிராம் வெளியிட்டேன் என்று பெருமையடிப்பான். இங்கே ஒரு கருவி வரைபடத்திலிருந்து நோயாளியின் நெஞ்சுக்குப் போய்ச்சேரப் பல ஆண்டுகள் பிடிக்கும். புதிதாக வந்தவரிடம் முதலில் கொடுப்பது எழுதுகிற வேலை இல்லை. மற்றவர் எழுதியதைச் சோதிக்கிற வேலை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2006-ல் வெளியிட்ட 62304 என்ற எண்ணுள்ள விதிமுறை, மருத்துவப் புரோகிராம்களை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. பிழை வந்தால் உயிர் போகலாம் அல்லது பெருங்காயம் ஏற்படலாம் என்றால் அது சி வகுப்பு. சினிமாவில் சி வகுப்பு என்றால் மட்டம். இங்கே அதுதான் உச்சம். இந்த வகுப்பில் ஒவ்வொரு பகுதியும் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது, எந்தச் சோதனையில் தேறியது என்பதற்குக் காகிதம் இருக்க வேண்டும். காகிதம் இல்லாத வரி, எழுதாத வரிக்குச் சமானம்.

எதற்கு இத்தனை கெடுபிடி என்று அலுத்துக்கொள்ளும் இளைஞனுக்குத் தெராக்-25 கதையைச் சொல்வார்கள். அது உள்ளே பொருத்தும் கருவி அல்ல. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் பெரிய யந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைக் கொட்டிவிட்டது. சிலர் இறந்தார்கள். இயக்குபவர் தப்பாக அடித்ததை வேகமாகத் திருத்தினால், திரையில் ஒன்றும் உள்ளே இன்னொன்றுமாகப் புரோகிராம் தடுமாறியிருக்கிறது. இதற்கு முந்திய மாதிரி யந்திரத்தில் தவறான நிலையில் கதிர் பாயாதபடி தனியாகப் பூட்டு இருந்தது. புதிய யந்திரத்தில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, அந்தப் பொறுப்பைப் புரோகிராமிடம் ஒப்படைத்தார்கள். ரயில் கேபினில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். எதிர்ப்பாதை திறந்திருக்கும்போது சிக்னல் நெம்புகோல் அசையாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டை ‘கேபின்காரர் கவனமாகத்தானே இருக்கிறார்’ என்று சொல்லி யாராவது கழற்றுவார்களா?

பேஸ்மேக்கரில் அந்தப் பாடம் படிந்திருக்கிறது. புரோகிராம் என்னதான் பித்துப்பிடித்தாலும், ஓர் அளவுக்கு மேல் வேகமாகத் தட்ட முடியாதபடி தனி மின்சுற்று ஒன்று காவல் நிற்கிறது.

இங்கே சிவப்பு விளக்கு கிடையாது

ரயில்வேக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. அதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி.

ரயிலில் சிக்னல் கம்பி அறுந்தாலும், கரெண்ட் போனாலும், கைகாட்டி தானாக ‘நில்’ நிலைக்கு வந்துவிடும். வண்டி நிற்கும். பயணிகள் திட்டுவார்கள், ஆனால் பிழைத்திருப்பார்கள். உலகத்தில் பெரும்பாலான யந்திரங்களுக்கு அதுதான் தர்மம்: சந்தேகம் வந்தால் நிறுத்து. பேஸ்மேக்கர் எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய யந்திரம் நின்றால் ஆள் நின்றுவிடுவார். சந்தேகம் வந்தாலும் ஓட வேண்டும். நினைவகம் கெட்டுப்போனாலும் ஓட வேண்டும். தன்னைத்தானே நம்ப முடியாத நிலையிலும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்காகக் கருவிக்குள் மாற்றுநிலை ஒன்று வைத்திருக்கிறார்கள். புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று ஒரு காவல் கடிகாரம் பார்த்துக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்துக்குள் புரோகிராம் அதற்குக் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எல்லாவற்றையும் அணைத்து முதலிலிருந்து தொடங்கும். நினைவகத்தில் எழுத்து மாறியிருக்கிறதா என்றும் சோதனை நடந்தபடி இருக்கும். ஏதாவது சரியில்லை என்று கண்டால், நுணுக்கமான வேலைகளை எல்லாம் கைவிட்டுவிட்டு, ஒரே சீரான வேகத்தில் இருதயத்தின் கீழறையைத் தட்டும் எளிய நிலைக்குக் கருவி இறங்கிவிடும். சுகமாக இருக்காது. ஆனால் உயிர் இருக்கும்.

அதே மேரி மோவுக்கே இதுவும் வாய்த்தது. ஒருமுறை விமானத்தில் ஆம்ஸ்டர்டாமை நெருங்கிக்கொண்டிருந்தார். இறங்க இருபது நிமிஷம்தான் இருக்கிறது. திடீரென்று மார்புத் தசை வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கியது. கருவியில் ஏதோ கோளாறு என்று புரிந்துகொண்டு சிப்பந்திகளிடம் சொன்னார். பிற்பாடு ஆராய்ந்ததில், கருவியின் நினைவகத்தில் ஏதோ சிதைந்திருப்பது தெரிந்தது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்த் துகள் ஒன்று தாக்கி ஓர் இலக்கம் புரண்டிருக்க வேண்டும் என்றார்கள். உயரத்தில் பறக்கும்போது இத்தகைய துகள்கள் கூடுதல். கருவி தன் நினைவே தப்பிவிட்டது என்று கண்டுகொண்டு, மாற்றுநிலைக்கு இறங்கி, நிமிஷத்துக்கு 70 என்று தட்டிக்கொண்டிருந்தது. புரோகிராமை மறுபடி ஏற்றியதும் சரியாகிவிட்டது.

படிக்கட்டில் அவரைத் தவிக்கவிட்டது ஓர் இன்ஜினீயரின் பிழை. ஆகாயத்தில் அவரைக் காப்பாற்றியது இன்னோர் இன்ஜினீயரின் முன்யோசனை. ‘என்றைக்காவது நினைவகம் சிதைந்தால்?’ என்று ஏதோ ஒரு பழைய கூட்டத்தில் யாரோ கேட்டிருக்கிறார். நடக்கவே நடக்காது என்று யாராவது சிரித்திருக்கவும் கூடும்.

மூன்று நிமிஷம்

ஆபரேஷன் இல்லாமல் வெளியிலிருந்தே கருவியோடு பேச ரேடியோ வசதி வந்தது நோயாளிக்கு நல்லதாயிற்று. வீட்டில் படுத்திருக்கும்போதே கருவியின் அறிக்கை ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். ஆனால் டாக்டர் பேசலாம் என்றால் திருடனும் பேசலாமே! 2008-ல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், 2003-ஆம் ஆண்டு மாதிரி அதிர்ச்சிக் கருவி ஒன்றை ஆய்வுக்கூட மேஜைமேல் வைத்து, சில சென்டிமீட்டர் தூரத்திலிருந்து ரேடியோ மூலம் அதற்குள் இருந்த விவரங்களைப் படித்தும், அதிர்ச்சி கொடுக்கும்படி கட்டளை இட்டும் காட்டினார்கள். அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த டிக் செனி, 2007-லேயே தம்முடைய கருவியின் ரேடியோ தொடர்பை டாக்டரிடம் சொல்லி முடக்கிவைத்திருந்தார். 2013-ல் டெலிவிஷன் பேட்டியில்தான் அது வெளியே தெரிந்தது.

2017 ஆகஸ்டில் இந்த விஷயம் சாமானியர்களிடம் வந்தது. அபாட் கம்பெனியின் பேஸ்மேக்கர்களில் ரேடியோ பாதுகாப்பைப் பலப்படுத்தும் புதிய பர்ம்வேருக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் மட்டும் சம்பந்தப்பட்ட கருவிகள் சுமார் 4,65,000. கருவியை வெளியே எடுக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கு நேரில் வந்து உட்கார்ந்தால் மூன்று நிமிஷத்தில் புதிய புரோகிராமை ஏற்றிவிடலாம். அந்த மூன்று நிமிஷமும் கருவி மாற்றுநிலையில், நிமிஷத்துக்கு 67 துடிப்பில் ஓடும்.

கேட்க எளிதுதான். ஆனால் முந்திய அனுபவத்திலிருந்து அபாயக் கணக்கையும் கூடவே வெளியிட்டார்கள். ஏற்றுவது பாதியில் நின்று பழைய புரோகிராமுக்கே திரும்பும் வாய்ப்பு 0.161 சதவீதம். டாக்டர் வைத்திருந்த அளவுகள் அழிந்துபோகும் வாய்ப்பு 0.023 சதவீதம். கருவி முழுக்கவே செயலற்றுப் போகும் வாய்ப்பு 0.003 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்தால் ஒன்றுமில்லாதது போலிருக்கும். 4,65,000 பேருக்கும் ஏற்றினால், கணக்குப்படி அது பதினான்கு பேர்.

மறுபக்கத்தில், இந்த ஓட்டையைப் பயன்படுத்தி எந்த நோயாளிக்காவது யாராவது தீங்கு செய்ததாகத் தகவல் இல்லை. வராத திருடனுக்காகக் கதவை மாற்றப்போய், மாற்றும்போது பதினான்கு வீட்டில் கூரை விழலாம் என்றால் என்ன செய்வது? எல்லோரும் கட்டாயம் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் சொல்லவில்லை. டாக்டரும் நோயாளியும் பேசி முடிவு செய்யட்டும் என்றது. முழுக்கக் கருவியையே நம்பி வாழ்கிறவர்களுக்கு, தாற்காலிகமாக வெளியிலிருந்து இருதயத்தைத் தட்டும் ஏற்பாடு தயாராக உள்ள இடத்தில் வைத்து ஏற்றுவதைப் பற்றி யோசிக்கச் சொன்னது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ‘புதுப்பிக்கவா?’ என்று கேட்டால் பார்க்காமலே ‘சரி’ அமுக்குகிறோம். இங்கே அதே ‘சரி’யை அமுக்க டாக்டர், நோயாளி, வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

தொழில் ரீதியில் இதைவிட நெஞ்சை அழுத்தும் சமாசாரம் இன்னொன்று. இன்று எழுதும் புரோகிராம் சில ஆண்டுகள் கழித்து அனுமதி பெறும். அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே மாதிரிக் கருவி விற்பனையாகும். கடைசியாக விற்ற கருவி யாரோ ஒருவர் நெஞ்சில் இன்னும் பத்து ஆண்டு ஓடும். எழுதியவர் கம்பெனி மாறியிருப்பார், ஓய்வும் பெற்றிருக்கக்கூடும். அவர் ஒருநாள் மத்தியானம் எழுதிய வரி மட்டும் ஓய்வு பெறாது.

பாந்திரா வரை வந்த கருவிகள்

இத்தொழில் ஏதோ மேல்நாட்டுச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். பேஸ்மேக்கர் செய்யும் பெரிய கம்பெனிகளில் ஒன்றான மெட்ட்ரானிக், ஐதராபாத்தில் பெரிய இன்ஜினீயரிங் மையம் நடத்துகிறது. எலெக்ட்ரானிக்ஸ் படித்த பிள்ளைக்கு வேலை தேடும் பெற்றோர் இந்தப் பக்கமும் ஒரு கண் வைக்கலாம். வெளியே பெயர் வராது. வேகமான முன்னேற்றமும் இருக்காது. ஒரு வரிக்காக ஒரு வாரம் வாதாடும் பொறுமை உள்ளவனுக்கே சரிப்படும்.

மும்பைக்கும் இதில் நெருங்கிய பங்கு இருக்கிறது. பேஸ்மேக்கர் உள்ள ஒருவர் இறந்துபோனால், தகனத்துக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். தீயில் பாட்டரி வெடிக்கும். எடுத்த கருவியில் பல வேளைகளில் பாட்டரி நிறைய மிச்சமிருக்கும். அமெரிக்காவில் இறந்தவர்களின் குடும்பத்தார் மனமுவந்து கொடுத்த கருவிகளில், 70 சதவீதத்துக்கு மேல் பாட்டரி இருந்தவற்றைப் பொறுக்கி எடுத்துச் சுத்திகரித்து, பாந்திராவில் உள்ள ஹோலி பேமிலி ஆஸ்பத்திரியில் 53 ஏழை நோயாளிகளுக்கு வைத்தார்கள். அந்த விவரம் 2011-ல் அமெரிக்க இருதய மருத்துவ இதழில் வெளியாயிற்று. நோய்த்தொற்றோ கருவிக் கோளாறோ ஏற்படவில்லை என்று அந்தக் கட்டுரை சொல்லிற்று.

புதுக் கருவியின் விலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத குடும்பங்கள் அவை. முன்னவருக்கு என்று வைத்திருந்த அளவுகளை நீக்கிவிட்டு, புதியவரின் வயது, நோய், உடல்வாகு பார்த்து டாக்டர் வேறு அளவுகளை வைக்கிறார். உள்ளே இருக்கும் புரோகிராம் அதேதான். எந்தத் தேசத்து நோயாளிக்கு என்று நினைத்து எழுதினார்களோ, அது பாந்திராவில் வேறொருவர் நெஞ்சில் மறுபடி ஒரு விநாடி காத்திருந்து, கேட்டு, தேவையானால் தட்டுகிறது.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சிறிய அட்டை கொடுப்பார்கள். கம்பெனி, மாதிரி எண், பொருத்திய தேதி எல்லாம் அதில் இருக்கும். 2017-ல் தங்கள் கருவிக்குப் புதிய புரோகிராம் தேவையா என்று அமெரிக்க நோயாளிகள் அறிந்துகொண்டது அந்த மாதிரி எண்ணை வைத்துத்தான். நம்மவர்கள் பலர் அதைப் பீரோவில் பத்திரப் பையோடு வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஊருக்குப் புறப்படும்போது ரயில் டிக்கெட் இருக்கும் பையிலேயே அந்த அட்டையையும் வைத்துக்கொள்ளலாம். வழியில் ஏதாவது ஊரில் இறங்க நேர்ந்தால், அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.